ஏரி தாண்டிய பந்து

தோத்தாத்ரி அடித்த அடியில் பந்து ஆறு அடி போயிற்று. மட்டையின் தலை அறுபது கெஜம் போயிற்று. போன தலை ஏதாவது புதரில் விழுந்து மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம். அதுவோ வேலியோரம் வேப்பமரத்தடியில் நின்ற ஜெயவேலுவின் புத்தம்புது மாருதியைத் தேடிப் போய், முன்கண்ணாடியைப் பொத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஐம்பத்து நாலு வயதுவரை அவர் அடித்ததில் நேராகப் போன ஒரே அடி அதுதான்.

குற்றத்தில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. கோல்ஃப் ஆட்டத்தில், தரையில் கிடக்கும் பந்தை வெகுதூரம் அனுப்புவதற்கென்று நீளக் காம்பும் குமிழ்த் தலையுமாக ஒரு மட்டை உண்டு. புத்தகத்தில் அதன் பெயர் ஃபேர்வே வுட். எங்கள் தாம்பரம் பக்கத்து மைதானத்தில் ‘கட்டை’. தோத்தாத்ரியின் மூன்றாம் எண் கட்டைக்குத் தலை ஆட ஆரம்பித்திருந்தது. மற்றவர்களாக இருந்தால் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பார்கள். அவர் மறைமலை நகரில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையின் பர்ச்சேஸ் மானேஜர். ஒரு திருகாணி வாங்கவே மூன்று கொட்டேஷன் கேட்கிற ஜென்மம். இதற்கும் மூன்று கேட்டார், மூன்றும் பகல் கொள்ளையாகப் பட்டது. குழாய்ப் பசை ஒன்றை வாங்கி, இரும்புலியூர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து தாமே ஒட்டிவிட்டார். காய்வதற்கு இரண்டு நாள் ஆகும் என்று குழாயிலேயே போட்டிருந்தது. பொடி எழுத்து. அவர் ஒரு ராத்திரிதான் விட்டார்.

இது நடந்தது 1992 ஜூனில். அன்றைக்கு அவரை வதைத்தது உடைந்த கண்ணாடிகூட இல்லை. காருக்கு ஓடிப் போய் எட்டிப் பார்த்த ஜெயவேலு, சில்லுகளுக்கு நடுவே மட்டைத் தலையைப் பொறுக்கி எடுத்து, பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

“இன்னா ஸ்விங்கு சார்,” என்றார். “மட்டைதான் தாங்கல.”

தோத்தாத்ரிக்கு அந்தப் பாராட்டு கொஞ்சமும் பிடிக்கவில்லை. புது வண்டியின் கண்ணாடியை உடைத்தவனை ஒரு மனுஷன் நாலு வார்த்தை திட்ட வேண்டாமா? திட்டியிருந்தால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மறுநாளே கண்ணாடிக்கு உண்டானதைச் செக்காகக் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்ட பிறகும் அந்த உறுத்தல் போகவில்லை.

ஜெயவேலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடிச்சூர்ப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். நிலம் மனைகளாகிப் போனதும் கிடைத்ததைக் கொண்டு இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷெட் போட்டு, தோத்தாத்ரியின் தொழிற்சாலைக்குப் பிராக்கெட் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல உழைப்பாளி. கோல்ஃப் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்தவர், தோத்தாத்ரி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறார் என்று தெரிந்த மறுவாரமே ஒரு தொப்பியும் பையுமாக வந்து நின்றார்.

மைதானம் என்று நாக்கூசாமல் சொல்கிறேனே தவிர, அது ஏரிக்கரைப் பொட்டல். நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்து ஒன்பது குழி வெட்டியிருந்தார்கள். பணக்கார மைதானங்களில் குழியைச் சுற்றிப் பட்டுப் போலப் புல் இருக்குமாம். இங்கே புல்லுக்குத் தண்ணீர் ஏது? மணலில் கழிவு ஆயிலை ஊற்றிக் கலந்து பரப்பி, சாக்கால் இழுத்துச் சமன் செய்திருப்பார்கள். அதற்குப் பெயர் ‘பிரவுன்’. ஞாயிறுதோறும் தோத்தாத்ரியின் கால்சட்டை லாரிப் பட்டறைக்குப் போய் வந்ததுபோல் வீடு திரும்பும். அவர் மனைவி வைதேகி அதை இரண்டு விரலால் தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோவதில் ஒரு விமரிசனம் இருக்கும். பந்து எருமைச் சாணியில் விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று மைதானத்தை நடத்தும் சங்கத்தின் சட்டப் புத்தகத்திலேயே தனி விதி இருந்தது. அந்த விதியைத் தோத்தாத்ரி அளவுக்கு அனுபவித்தவர் வேறு யாரும் இல்லை.

அவருக்கு இரும்பு மட்டைகள் சுமாராக வசப்பட்டன. கட்டையை எடுத்தால்தான் சனியன் பிடிக்கும். ஒன்று பந்தின் தலையில் தட்டுவார், அது தவளை மாதிரி இரண்டு குதி குதித்து நிற்கும். இல்லாவிட்டால் பந்துக்கு அரை அடி முன்னால் தரையைக் கொத்துவார், பந்தைவிட மண் தூரமாகப் போகும். மூன்றாம் எண் கட்டை, ஐந்தாம் எண் கட்டை, ஏழாம் எண் கட்டை என்று மரத்திலும் பிறகு உலோகத்திலுமாக வாங்கிப் பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் பில்லோடு, தம் காசில்.

“தப்பு என்கிட்டயா, மட்டையிலயா?” என்று பார்த்தவர்களையெல்லாம் கேட்டார். கூட ஆடுகிற டாக்டர் ராஜகோபால், மேற்குத் தாம்பரத்தில் கிளினிக் வைத்திருப்பவர், முழங்கையை நோயாளியின் முழங்கைபோல் பிடித்துப் பார்த்துவிட்டு வைட்டமின் பற்றிப் பேசினார். கம்பெனிக்குச் சரக்குப் போடுகிற மற்றவர்கள் ஒருவர் பாக்கி இல்லாமல் மட்டையைத் திட்டினார்கள். காற்றைத் திட்டினார்கள். ஒருவர் பந்தையே திட்டினார். மூன்று வேளையும் மைசூர்பாகு தின்ன வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நேராக ஒரு பதில், காரமாக இருந்தாலும் பரவாயில்லை, கிடைக்கவில்லை.

தோத்தாத்ரிக்கு வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கை நீட்டாதவர். தீபாவளிக்கு வரும் இனிப்புப் பெட்டி வாசலோடு திரும்பும். டைரி, காலண்டர்கூட வாங்க மாட்டார். சப்ளையர் ஷெட்டைப் பார்வையிடப் போனால் பிளாஸ்க்கில் சொந்தக் காபியோடு போவார். முதுகுக்குப் பின்னால் தம்மைப் ‘பிளாஸ்க்’ என்று கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். மனசுக்குள் அதைப் பத்மஸ்ரீ மாதிரிக் குத்திக்கொண்டு திரிந்தார்.

இந்த மைதானத்தின் ஆறாவது குழிதான் அவருக்கு எமன். ஏரியின் ஒரு கை குறுக்கே நீண்டு கிடக்கும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நூற்றைம்பது கெஜம். கட்டையால் தூக்கி அடித்தால் தாண்டும். முடியாதவர்கள் இடதுபக்கமாகச் சுற்றிப் போய் இரண்டு அடி கூடுதலாக அடித்துச் சேரலாம். சுற்றிப் போகத் தோத்தாத்ரிக்கு மனம் ஒப்பாது. சுற்றிலும் காலனிகள் வந்த பிறகு ஏரி பாதி சாக்கடை. மூக்கைப் பொத்திக்கொண்டு வாரத்துக்கு மூன்று பந்தை அதற்குத் தானம் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பந்திலும் ஆபீஸ் சிவப்புப் பேனாவால் இரண்டு புள்ளி வைத்திருப்பார், அடையாளத்துக்கு. ஆபீஸ் பேனாவைச் சொந்தக் காரியத்துக்குத் தொட்டது அந்த ஒன்றுக்குத்தான். அதற்கும் மாதம் ஒரு ரீஃபில் தாமே வாங்கிப் போட்டுவிடுவார்.

அக்கரையில் அங்காளம்மாள் நிற்பாள். ஐம்பது வயது இருக்கும். அந்த ஏரித் தண்ணீர் ஒரு காலத்தில் அவள் மாமனார் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர். இப்போது சங்கச் சம்பளத்தில் பந்து பார்க்கிற வேலை. அந்தக் குழி கிழக்கே பார்த்து இருக்கும். காலையில் சூரியன் நேரே கண்ணில் குத்தும். அடித்த பந்து எங்கே விழுந்தது என்று இந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் அவள் கையில் இரண்டு துணி. பந்து தாண்டினால் வெள்ளையை ஆட்டுவாள். தண்ணீரில் விழுந்தால் சிவப்பு. பிறகு புடைவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, சேற்றில் காலால் துழாவிப் பந்துகளை எடுப்பாள். தோத்தாத்ரிக்கு அவள் ஆட்டிய சிவப்பில் ஒரு கட்சி மாநாட்டுக்கே தோரணம் கட்டியிருக்கலாம்.

1993 ஜனவரியில் ஜெயவேலுவின் சகலை சிங்கப்பூரிலிருந்து ஒரு மட்டை கொண்டுவந்தார். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. இரும்பு மட்டைக்கு உள்ள குட்டைக் காம்பு, கட்டைக்கு உள்ள புடைத்த முதுகு. கட்டையோடும் சேர்க்க முடியாது, இரும்போடும் சேர்க்க முடியாது. மைதானத்தில் அதற்கு ‘இரண்டுங்கெட்டான்’ என்று பெயர் விழுந்துவிட்டது. கட்டை அடிக்க வராதவர்களுக்கென்றே செய்ததாம். ஜெயவேலு அதைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து, சும்மா வச்சிக்குங்க சார் என்றார். தோத்தாத்ரி சிங்கப்பூர் பில்லைக் கேட்டு வாங்கி, அன்றைய செலாவணி விலையைப் பேப்பரில் பார்த்துக் கணக்குப் போட்டு, செக் எழுதினார். அதற்குப் பிறகுதான் மட்டையைத் தொட்டார்.

அடுத்த ஞாயிறு ஆறாவது குழி. இரண்டுங்கெட்டானை ஓங்கி அடித்தார். கைக்குக் கொட்டாங்குச்சியைக் கல்லில் தட்டியதுபோல் ஓர் அதிர்வு ஏறியது. போச்சு என்று நினைத்துத் தலையைத் தூக்கினார். வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

அக்கரையில் வெள்ளைத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

சுற்றி நடந்து போய்ப் பார்த்தால் பந்து பிரவுனில் கிடக்கிறது, குழிக்கு எட்டடியில், இரண்டு சிவப்புப் புள்ளியோடு. தோத்தாத்ரி சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. கல்யாணத்தில்கூட அவர் அப்படிச் சிரித்துப் புகைப்படம் கிடையாது. டாக்டர் கைகுலுக்கினார். ஜெயவேலு அங்கேயே பத்துப் பேருக்கு இளநீர் வெட்டச் சொன்னார். தோத்தாத்ரி தம் இளநீருக்கு மட்டும் தாமே கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே குடித்தார். எட்டடியிலிருந்து பந்தைக் குழிக்குள் போட முடியவில்லை என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மேஜையில் ஜெயவேலுவின் பிராக்கெட் லாட் ஒன்று, ஏற்பதா திருப்புவதா என்ற தீர்ப்புக்குக் காத்திருந்தது. துளை கால் மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. துளைக்குள் ரப்பர் வளையம் போட்டால் சரியாகிவிடும், இந்த ஒரு தடவை விடலாம் என்று இன்ஜினியரிங்காரர்கள் எழுதியிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் இரண்டு நாள் ஊறப்போட்டு நாலு கேள்வி கேட்டிருப்பார். அன்றைக்கு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதிலிருந்து மூன்று வருஷம். எல்லா ஞாயிறும் தாண்டியது என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் வெள்ளை என்றால் ஒரு வாரம் சிவப்பு, நம்பும்படியாகத்தான் இருந்தது. மைதானத்தில் எட்டுப் பேர் இரண்டுங்கெட்டான் வாங்கிவிட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு அது பழைய கட்டையைவிட மோசமாக அடித்தது. தோத்தாத்ரி அவர்களுக்கு மணிக்கட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று பாடம் வேறு எடுத்தார். அந்தப் பாடங்களைப் பின்னாளில் நினைத்துப் பார்த்தபோதுதான் அவருக்குக் குளிக்க வேண்டும்போல் இருந்தது.

ஏனென்றால் கைக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஒழுங்காகப் பட்ட அடி கையில் தெரியாது, வெண்ணெயில் கத்தி இறங்கினதுபோல் இருக்கும் என்று டாக்டர் சொல்வார். தோத்தாத்ரிக்கு ஒவ்வொரு முறையும் கொட்டாங்குச்சிதான். கை ஒன்று சொல்லிற்று, வெள்ளைத் துணி வேறொன்று சொல்லிற்று. அவர் துணியை நம்பினார். தப்பு என்கிட்டயா மட்டையிலயா என்ற பழைய கேள்வியை அதற்குப் பிறகு ஒருவரிடமும் கேட்கவில்லை.

1996 ஜனவரி முப்பத்தொன்று, புதன்கிழமை, அவருக்கு ரிட்டயர்மென்ட். கம்பெனி கேன்டீனில் மாலை மரியாதை, மேடை, மைக். சப்ளையர்களும் வருவார்கள். பேச்சை எழுதி மனப்பாடம் செய்துவிட்டார். அதில் ஒரு வரிக்காகத்தான் மொத்தப் பேச்சும்: “முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சப்ளையர் வீட்டுக் காபிகூட என் தொண்டையில் இறங்கியதில்லை.” கண்ணாடி முன்னால் நின்று அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். வைதேகி கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, காபியை இவ்வளவு நிதானமாகச் சொல்லாதீர்கள், எனக்கே குடிக்க வேண்டும்போல் இருக்கிறது என்றாள்.

சனிக்கிழமை ஆபீஸ் சாமான்களை ஸ்டோரில் திரும்ப ஒப்படைத்தார். கால்குலேட்டர், ஸ்டேப்ளர், பீரோச் சாவி, சிவப்புப் பேனா ஒன்று. பேனாவெல்லாம் வேண்டாம் சார் என்று ஸ்டோர்க்காரர் கெஞ்சினார். எழுதிக்கொள்ளுங்கள் என்று நின்று எழுத வைத்துவிட்டு வந்தார். அன்று மாலை புதுப் பந்துகளுக்குப் புள்ளி வைக்கப் போனால் கையில் பேனா இல்லை. பேத்தியின் ஸ்கெட்ச் பெட்டியில் சிவப்பு வறண்டு போயிருந்தது. பச்சையை எடுத்து வைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏரி நிறைந்து பச்சைப் பாசியும் நுரையுமாக நாறிக்கொண்டிருந்தது. தோத்தாத்ரி பச்சைப் புள்ளிப் பந்தை வைத்து இரண்டுங்கெட்டானால் அடித்தார். கொட்டாங்குச்சி. தலையைத் தூக்கினார். வெயில். வெள்ளைத் துணி ஆடியது. ஜெயவேலு வழக்கம்போல் கை தட்டினார். எல்லோரும் கரையைச் சுற்றி நடந்தார்கள்.

பிரவுனில், குழிக்கு எட்டடியில், பந்து கிடந்தது. அதில் இரண்டு சிவப்புப் புள்ளி.

தோத்தாத்ரி குனிந்து எடுத்தார். ஈரமாக இருந்தது. கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். சேறு வந்தது, சிவப்பு அப்படியே இருந்தது. தம் பையைத் திறந்து மிச்சப் பந்துகளைப் பார்த்தார். எல்லாம் பச்சை. முப்பத்தொரு வருஷம் சரக்கையும் பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்த கண். அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஜெயவேலுவிடம் பந்தை நீட்டினார். ஜெயவேலு அதைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தண்ணீரில் ஊறினால் சாயம் மாறுவது உண்டு என்றார். பிறகு குரலைத் தழைத்து, கடைசி ஞாயித்துக்கிழமை சார், வுடுங்க சார், என்றார். டாக்டர் தம் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தார். அப்படியானால் டாக்டருக்கும் தெரியும். தோத்தாத்ரி அந்தப் பந்தைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

நீங்கள் போய்க்கொண்டிருங்கள் என்று அவர்களை ஏழாவது குழிக்கு அனுப்பிவிட்டு, கரைச் சரிவில் தனியாக இறங்கினார். அங்காளம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு துழாவிக்கொண்டிருந்தாள். மடியில் பந்துகள் கனத்துத் தொங்கின. அவரைப் பார்த்ததும் கரையேறி வந்து, காலில் இருந்த பாசியைப் புல்லில் துடைத்தாள்.

“அங்காளம்மா, இந்தப் பந்து நான் அடிச்சதா?”

அவள் பந்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “இல்ல சார். நீங்க அடிச்சது தோ, அந்தக் கோரைக்குப் பக்கத்துல கீது. பச்சப் புள்ளி வச்சிக்கினு. நான் அத்த சரியா பாக்கல, பழைய பந்த வச்சிட்டேன்.”

“எப்படி வைப்ப?”

அவள் மடியிலிருந்து ஒரு பந்தைக் கீழே போட்டாள். வலது கால் விரல்களால் அதைக் கவ்விக்கொண்டாள். நொண்டாமல் நாலு எட்டு நடந்து போய்ப் புல்லில் விட்டாள். இந்த மைதானத்தில் தோத்தாத்ரி பார்த்ததிலேயே நேர்த்தியான ஆட்டம் அதுதான். எட்டடியில் வைப்பது ஏன் என்றும் அவளே சொன்னாள். இன்னும் கிட்டே வைத்தால் சந்தேகம் வருமாம். எட்டடியில் வைத்தும் அவர் குழிக்குள் போடாதது அவளுக்கு ஒரு குறைதான்.

“ஜெயவேலு சொல்லித்தானே?”

“ஆமா சார். எம்புள்ளைக்கு அவரு ஷெட்டுல வேல போட்டுக் குடுத்தாரு. அன்னிக்கே சொல்லிட்டாரு, சார் பந்து தாண்டணும்னு.”

“அப்போ அந்த முதல் நாள் அடிச்சது? இளநீர்கூடக் குடிச்சோமே?”

“அது தண்ணி நடுவுலகூடப் போவல சார். அந்தக் கரையில எரும குளிச்சிக்கினு இருந்துச்சு, அது முதுகுல பட்டு வுழுந்துச்சு.”

“ஒண்ணுகூடத் தாண்டலையா? மூணு வருஷத்துல?”

“ஒண்ணுகூட இல்ல.”

தோத்தாத்ரிக்குச் சிரிப்பு வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது. கையிலிருந்த இரண்டுங்கெட்டானைப் பார்த்தார். அதன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. பாவம், அது தன் லட்சணத்தை என்றைக்கும் மறைத்ததில்லை. அவருக்கு ஞாபகம் வந்தது அந்தத் திங்கட்கிழமைக் காலையும், முணுமுணுத்த பாட்டும், கால் மில்லிமீட்டரும். தம் கையெழுத்தை நினைத்தபோது, சாணியில் கிடந்த பந்தை வெறுங்கையால் எடுத்ததுபோல் விரல்கள் கூசின.

“இத்தனை நாள் ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேக்கல சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கையில பட்டது ஒங்களுக்குத் தெரியாதா இன்னா? எனக்கு இங்க சத்தத்துலயே தெரியும்.”

அவர் கரையில் உட்கார்ந்தார். ஈரம் கால்சட்டையில் ஏறியது. புதன்கிழமை மேடையைப் பற்றியும் அந்த ஒரு வரியைப் பற்றியும் அவளிடம் சொன்னார். ஒரு சப்ளையர் கையால் ஒரு வாய்க் காபிகூடக் குடித்ததில்லை என்பதைச் சொல்லும்போது குரல் தானாகவே மேடைக் குரலாகிவிட்டது. அதைக் கேட்டு அவருக்கே வெட்கமாக இருந்தது. அவள் நின்றபடியே முழுக்கக் கேட்டாள்.

“பிள்ளை வேலைக்கு ஒண்ணும் ஆகாது, இது நமக்குள்ள,” என்றார். “நீ மட்டும் நேராச் சொல்லு. அந்த வார்த்தைய நான் மேடையில சொல்லலாமா?”

அங்காளம்மாள் யோசிக்கவில்லை. மடியை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

“சொல்லாதீங்க சார். காப்பி குடிக்கல, சரி. பந்து வாங்கிக்கினீங்க இல்ல? சிரிச்சிக்கினே வாங்கிக்கினீங்க.”